மனசுக்கு ஒத்துப்போகும் வேலையிடமா இல்லையா என்று சேருவதற்கு முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

அம்மாபேட்டைப் பாவு | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 27. பி.காம். படித்திருக்கிறேன். அப்பா கைத்தறி நெசவு. ஆத்தூர்ப் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மூன்று வருஷம் கணக்கு பார்த்தேன். சீசனில் ஆள் போதாதபோது பாயிண்ட் மேசையிலும் என்னை உட்காரவைப்பார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: குச்சிக்கிழங்கு (மரவள்ளி) லோடு வந்ததும் சாம்பிள் எடுத்து, தண்ணீரில் மூழ்கவைத்து எடை பார்த்து, மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று குறிப்போம். அந்தப் பாயிண்டை வைத்துத்தான் விவசாயிக்குப் பணம். மாசக்கணக்கில் காட்டில் நின்ற பயிருக்கு அந்த ஒரு எண்தான் விலை.

போன சீசனில் ஒன்றரை பாயிண்ட் குறைத்து எழுதச் சொன்னார்கள். மெஷின் 28 காட்டும், நான் 26.5 என்று எழுதுவேன். இரண்டு மாதம் அப்படி எழுதினேன், அதை இங்கே மறைக்க விரும்பவில்லை. ஒருநாள் ஒரு பெரியவர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும் கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. மாசி முடியும்போது வேலையை விட்டுவிட்டேன்.

எல்லா ஆலையும் அப்படி என்று சொல்ல வரவில்லை. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நான் அங்கேதான் இருந்தேன். ஊர் பேருக்குக் கிடைத்த மரியாதை என்று எவ்வளவு பெருமைப்பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். அதனால்தான் இது இன்னும் வலிக்கிறது.

இப்போது கையில் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, டவுனில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் கணக்குப் பிரிவு, மாதம் 22,000. இன்னொன்று, ஏற்காட்டு விவசாயிகளிடம் காபிக்கொட்டை வாங்கி அடிவாரத்தில் வறுத்து அரைக்கும் சின்ன நிறுவனம். பதினைந்து பேர்தான். கொள்முதல் கணக்கு, 17,000. தம்பி இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம், கல்விக்கடன் இருக்கிறது.

இரண்டு இடத்திலும் "நாங்க ஒரு குடும்பம் மாதிரி" என்றுதான் சொன்னார்கள். ஆலையிலும் சேரும்போது அதையேதான் சொன்னார்கள். உள்ளே போய் மாட்டிக்கொள்ளாமல் வெளியிலிருந்தே எப்படிக் கண்டுபிடிப்பது?

---

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி | ஞாயிறு, இரவு 10.25

தங்கச்சி, நான் முப்பது வருஷமாகக் கொலுசுப் பட்டறையில் இருக்கிறேன். நான் பார்த்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன்.

எங்கள் தொழிலில் வெள்ளியை எடை போட்டுத்தான் கொடுப்பார்கள், வேலை முடிந்ததும் எடை போட்டுத்தான் வாங்குவார்கள். அராவும்போதும் பொடி வைத்துப் பற்றவைக்கும்போதும் கொஞ்சம் குறையத்தான் செய்யும். அதற்குச் சேதாரம் என்று ஒரு கணக்கு உண்டு. அதற்கு மேல் குறைந்தால்தான் பிரச்சினை. பட்டறைத் தரையைக் கூட்டிய குப்பையைக்கூட வீசமாட்டோம், அதிலும் வெள்ளி இருக்கும்.

முதலில் நான் இருந்த பட்டறையில் எடை குறைந்தால் அந்த வாரக் கூலியில் பிடித்துவிடுவார்கள். பேச்சே கிடையாது. யாருக்கும் யார்மேலும் நம்பிக்கை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் எழுந்துபோனால் அவன் பெட்டியைப் பார்ப்போம். அப்படி ஆகிப்போனோம்.

இரண்டாவது பட்டறையில் சேர்ந்த மாதமே எனக்கு நாலு கிராம் குறைந்தது. முதலாளி முதலில் தராசைச் சரிபார்த்தார். அப்புறம் நான் உட்கார்ந்த இடத்தைக் கூட்டச் சொன்னார். அதற்கப்புறம்தான் என்னைப் பார்த்து, "எங்கே போயிருக்கும்னு நினைக்கிற?" என்று கேட்டார். பாதிக்கு மேல் குப்பையிலேயே கிடைத்தது. நான் அங்கே பதினெட்டு வருஷம் இருந்தேன்.

அதனால் நேர்முகத்துக்குப் போனால் ஒன்றைக் கேளுங்கள்: "கணக்கில் தப்பு வந்தால் இங்கே என்ன செய்வீர்கள்? கடைசியாக எப்போது வந்தது?" பதில் சொல்லும்போது அவர் முகத்தைப் பாருங்கள்.

---

நாலு ரோடு | ஞாயிறு, இரவு 11.02

ஜவுளிக்கடையில் ஆறு வருஷம் சேல்ஸில் நின்றவள் என்கிற முறையில் எழுதுகிறேன். நின்றவள் என்றால் உண்மையிலேயே நின்றவள். காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பது வரை. தீபாவளி நேரத்தில் கால் வீங்கி, செருப்புக்குள் போகாது.

2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று கொண்டுவந்தார்கள். கேரளத்தில் 2018லேயே வந்துவிட்டது. எங்கள் கடையிலும் முக்காலி வாங்கிப் போட்டார்கள். ஆனால் உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து யாரும் உட்காரமாட்டோம். புதுசாக வந்த பெண்களுக்கு நாங்களே சொல்லிக்கொடுப்போம், உட்காராதே என்று. இப்போது நினைத்தால் அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். சட்டம் கொடுத்ததை நாங்களே வாங்கவிடாமல் செய்தோம்.

நீங்கள் கணக்குப் பிரிவுதான், உங்களுக்கு நாற்காலி இருக்கும். இருந்தாலும் அந்தக் கடைக்கு ஒரு வாடிக்கையாளராகப் போங்கள், சாயங்காலம் நாலு மணி வாக்கில், கூட்டம் இல்லாதபோது. முக்காலி இருக்கிறதா, அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா, மேலாளர் வந்தால் எழுந்துகொள்கிறார்களா என்று பாருங்கள். கீழே நிற்கிறவர்களை நடத்துகிற விதம் மாடிக்கு வராது என்று நினைக்காதீர்கள். வரும், கொஞ்சம் தாமதமாக.

---

ஜங்ஷன் ராத்திரி வண்டி | திங்கள், காலை 7.15

எல்லோரும் நல்ல மனசோடு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நான் வேறு மாதிரி சொல்லவேண்டியிருக்கிறது. சகோதரி தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

2019இல் நானும் உங்களை மாதிரித்தான் ஒரு இடத்தை விட்டேன். போலி பில் போடச் சொன்னார்கள், மாட்டேன் என்று வந்துவிட்டேன். அன்றைக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. ஏழு மாதம் வேலை கிடைக்கவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டுக்கும் மருந்து. நகை ஐந்து ரோட்டில் ஒரு கடைக்கு அடகு போனது. எட்டாவது மாதம் கிடைத்த வேலையில் எதையும் விசாரிக்காமல் சேர்ந்தேன். அது முதல் இடத்தைவிட மோசம். விசாரிக்கிற தெம்பு என்னிடம் இல்லை, அதுதான் காரணம்.

கையில் காசு இல்லாதவனால் "மாட்டேன்" என்று சொல்லமுடியாது. சொன்னாலும் ஒருமுறைதான் சொல்லமுடியும். எனவே 22,000த்தை எடுங்கள். ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள். ஆறு மாதக் குடும்பச் செலவைத் தனியாகச் சேர்த்துவையுங்கள். அதற்கப்புறம் மனசுக்குப் பிடித்த இடத்தைத் தேடுங்கள். அப்போது உங்களால் நிதானமாகத் தேடமுடியும்.

---

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி | திங்கள், காலை 8.30

ஜங்ஷன் தம்பி சொல்வதில் உண்மை இருக்கிறது. அந்த ஆறு மாதச் செலவுப் பணம், அதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் "ஒரு வருஷம்" என்றுதான் நானும் முதல் பட்டறையில் இருந்தேன். பதினோரு வருஷம் ஆனது. பழகிவிடும் தம்பி. முதல் மாதம் உறுத்தியது மூன்றாம் மாதம் உறுத்தாது. அப்புறம் புதுசாக வருகிற பையனுக்கு "இங்கே இப்படித்தான்" என்று நாமே சொல்லிக்கொடுப்போம், மேலே நாலு ரோடு தங்கை எழுதியிருக்கிற மாதிரி. தங்கச்சிக்கு இரண்டு மாதத்திலேயே சோறு இறங்கவில்லை என்றால், அந்த உறுத்தல் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைப் பணயம் வைக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

---

தணிக்கை மேசை | திங்கள், மதியம் 1.10

சம்பள எண்ணை மட்டும் ஒப்பிடாதீர்கள். கணக்குப் படித்தவர், உங்களுக்கே தெரியும், இருந்தாலும் எழுதிவைக்கிறேன். மற்றவர்களுக்கும் உதவும்.

ஈஎஸ்ஐ என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு மாதச் சம்பளம் 21,000 வரை வாங்குகிறவர்களுக்குத்தான். 22,000த்தில் சேர்ந்தால் உங்களுக்குக் கிடையாது. 17,000 என்றால் உங்களிடம் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், அதாவது மாதம் சுமார் 128 ரூபாய். நிறுவனம் 3.25 சதவீதம் போடும். உங்கள் வருமானத்தை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் அதில் மருத்துவம் உண்டு, தகுதி விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். பத்துப் பேருக்கு மேல் இருக்கிற இடம் என்பதால் அந்தக் காபி நிறுவனம் ஈஎஸ்ஐயில் பதிந்திருக்கவேண்டும். பதிந்திருக்கிறார்களா என்பதே ஒரு சோதனை.

பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) அதற்கு நேர்மாறு. இருபது பேர் இருந்தால்தான் கட்டாயம். பதினைந்து பேர் என்றால் சட்டப்படி அவர்கள் கட்டவேண்டியதில்லை. விரும்பினால் தாங்களாகவே சேரலாம், அதற்கும் வழி இருக்கிறது. ஜவுளிக்கடையில் கட்டாயம் இருக்கும். அங்கே கேட்கவேண்டியது, 22,000 என்பது நிறுவனத்தின் 12 சதவீதத்தையும் சேர்த்துச் சொன்னதா, சேர்க்காமலா என்று. இதைக் கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளித்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு அமைக்கவேண்டும், 2013ஆம் வருஷத்துச் சட்டம். குழுவில் யார் யார் என்று கேளுங்கள். "அப்படியெல்லாம் இங்கே எதுவும் நடக்காதும்மா" என்பது பதில் ஆகாது.

---

ஓமலூர் மண் | திங்கள், மாலை 6.45

யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன். நேர்முகத்தில் "சொந்த ஊர் எது?" என்று கேட்பார்கள். சரி. "ஊருக்குள்ள எந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள். அப்புறம் "உங்க கோயில் எது?" என்று வரும். என்ன தெரிந்துகொள்ளக் கேட்கிறார்கள் என்று நமக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். நான் இந்த மூன்றாவது கேள்வி வந்த இரண்டு இடத்தில் சேரவில்லை. ஒரு இடத்தில் சேர்ந்தேன், நாலு மாதத்தில் என் டம்ளர் தனியாக இருப்பதைப் பார்த்தேன்.

உங்களுக்கு இது பிரச்சினையாக இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் அங்கே கொஞ்சம் இருந்து பாருங்கள். யார் யாரோடு உட்காருகிறார்கள், கூட்டிப் பெருக்குகிற அம்மா எங்கே சாப்பிடுகிறார் என்று. ஒரு பானை சோற்றுக்கு அது போதும்.

---

நாகலூர்க்காரர் | திங்கள், இரவு 8.20

அம்மணி, நான் ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டில் ரைட்டராக (கணக்கு எழுதுபவராக) இருந்து ஓய்வு பெற்றவன். மலை என்றதும் எல்லாம் நல்லதாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் விட்டுவந்த அந்தப் பாயிண்ட் பிரச்சினை காபியிலும் இருக்கிறது, வேறு பேரில்.

பழம் பறிக்கிற காலத்தில், கார்த்திகை மார்கழியில், சாயங்காலம் மூட்டைகளை வரிசையாக எடை போடுவோம். கிலோ கணக்கில் கூலி. சாக்கு எடைக்கு இவ்வளவு, மழையில் நனைந்ததற்கு இவ்வளவு, பச்சைக்காய் கலந்ததற்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். கழிப்பது தப்பில்லை, கணக்கு நியாயமாக இருக்கவேண்டும். தராசின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் நான் முதலில் பார்ப்பது. பறித்த அம்மாவுக்கு முள் தெரிகிறதா, எழுதுகிறவனுக்கு மட்டும் தெரிகிறதா?

சிறு விவசாயிகளிடம் கொட்டை வாங்கும்போது ஈரம் பார்ப்பார்கள். காய்ந்த கொட்டையில் பத்து, பதினோரு சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் விலை குறையும், பூஞ்சையும் பிடிக்கும். அதற்கு ஒரு மீட்டர் உண்டு. உங்கள் பாயிண்ட் மெஷினுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீட்டர் யார் கையில் இருக்கிறது, விற்கிறவர் "மறுபடியும் பாருங்க" என்று சொன்னால் பார்க்கிறார்களா என்று ஒரு கொள்முதல் நாளில் போய் நின்று கவனியுங்கள்.

இன்னொரு கேள்வியும் கேளுங்கள். 2024 டிசம்பரில் பெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து வண்டி போகமுடியாமல் இருந்ததே, அந்த நாட்களுக்கு வரமுடியாதவர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்களா? மலையில் தொழில் செய்கிறவர்கள் யாரும் அந்த நாட்களை மறந்திருக்கமாட்டார்கள். எங்கள் பக்கம் ஒரு இடத்தில் பிடித்தார்கள். இன்னொரு இடத்தில் முதலாளியே குப்பனூர் வழியாக அரிசி ஏற்றி அனுப்பினார். இரண்டு பேரும் நல்ல மனிதர்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

---

அம்மாபேட்டைப் பாவு | திங்கள், இரவு 10.50

எல்லோருக்கும் நன்றி. ஜங்ஷன் அண்ணா, உங்கள் பதிவை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அவர் சொல்றது பொய்யில்ல. ஆனா நீ அந்த ரெண்டு மாசம் எப்படி இருந்தேன்னு நான் பார்த்தேன்" என்றார். இந்த வாரம் இரண்டு இடத்துக்கும் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

---

அம்மாபேட்டைப் பாவு | சனி, இரவு 9.15

போய்வந்தேன்.

ஜவுளிக்கடை முதலில். நாலு மணிக்குப் போனேன். முக்காலிகள் இருந்தன, இரண்டு பெண்கள் உட்கார்ந்துமிருந்தார்கள். மேலாளர் வந்தபோதும் எழுந்திருக்கவில்லை. எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்லியே ஆகவேண்டும், அந்த இடத்தைப் பற்றித் தப்பான எண்ணத்தோடு போயிருந்தேன். சம்பளக் கணக்கையும் தெளிவாகச் சொன்னார்கள். நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 22,000த்துக்கு வெளியேதான். கடைசியில் ஒரு தாளை நீட்டினார்கள். ஒரிஜினல் சான்றிதழ்களை இரண்டு வருஷத்துக்கு அவர்களிடம் கொடுத்துவைக்க வேண்டுமாம். ஏன் என்று கேட்டேன். "பாதியில போயிடக் கூடாதில்ல" என்று சாதாரணமாகச் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அடிவாரத்து நிறுவனத்துக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை ஒரு கொள்முதல் நடந்துகொண்டிருந்தது. மலையிலிருந்து ஒரு விவசாயி ஆறு மூட்டை கொண்டுவந்திருந்தார். தராசின் எண் அவர் பக்கம்தான் தெரிந்தது. ஈரம் பன்னிரண்டரை என்று மீட்டர் காட்டியது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு மூட்டையிலிருந்து எடுத்து மறுபடியும் பார்த்தார்கள், பதினொன்று. மூன்றாவதாக ஒரு மூட்டை பார்த்து, மூன்றுக்கும் சராசரி போட்டார்கள். இதற்கு மொத்தம் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெரியவர் ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது.

முதலாளியிடம் தப்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். போன வருஷம் ஒரு ஆர்டரில் பொடி தவறான அளவில் அரைத்துப் போய்விட்டதாகச் சொன்னார். அரைத்த பையன் பேரைச் சொல்லவில்லை. "சீட்டுல நான் எழுதினது புரியலையாம், அப்புறம் அச்சடிச்ச சீட்டு வச்சோம்" என்றார். புயல் நாட்களுக்குச் சம்பளம் பிடிக்கவில்லையாம். அதை அவரிடம் மட்டும் கேட்காமல் வறுக்கிற அண்ணனிடமும் கேட்டேன், ஒரே பதில்தான்.

குறைகளும் இருக்கின்றன. பி.எஃப். இல்லை. உள்ளகக் குழு என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. போன வருஷம் இரண்டு மாதம் சம்பளம் பத்தாம் தேதிக்குப் போய்விட்டது, அதை அவரே சொன்னார். பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. தயக்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை இரண்டாம் முறை போனபோது தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள்.

18,500 கேட்டேன், ஒத்துக்கொண்டார். ஈஎஸ்ஐ இருக்கிறது. பி.எஃப்.பில் தாங்களாகச் சேர்வது பற்றி ஆடிட்டரிடம் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். குழு அமைப்பதற்கான விவரத்தை நான் எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை சேருகிறேன்.

---

தணிக்கை மேசை | சனி, இரவு 9.50

சான்றிதழைக் கொடுக்காமல் வந்தது மிகச் சரி. படிக்கிற எல்லோருக்கும்: நகல் கொடுங்கள், ஒரிஜினலைக் காட்டுங்கள், திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். எந்த வேலைக்கும் அதை அடகு வைக்காதீர்கள்.

---

ஜங்ஷன் ராத்திரி வண்டி | சனி, இரவு 10.30

சகோதரி, நான் 22,000 என்று சொன்னவன். அந்தத் தாளைப் பற்றிப் படித்ததும் என் பேச்சை வாபஸ் வாங்குகிறேன். சான்றிதழ் அவர்கள் பெட்டியில் இருந்தால், நான் சொன்ன ஆறு மாதப் பணம் சேர்த்தும் உங்களால் கிளம்பியிருக்கமுடியாது.

ஆனால் பணம் சேர்ப்பதை விடாதீர்கள். 18,500இல் மாதம் ஆயிரமாவது தபால் நிலையத்தில் ஆர்.டி. போடுங்கள். முதலாளி நல்லவராகவே இருக்கட்டும், வியாபாரம் எப்போதும் ஒரே மாதிரி இருக்காது.

---

அம்மாபேட்டைப் பாவு | சனி, இரவு 10.41

கண்டிப்பாக அண்ணா. திங்கட்கிழமை போகிற வழியிலேயே கணக்கு ஆரம்பிக்கிறேன்.

ஓமலூர் மண், சாப்பாட்டு நேரத்தில் இருந்து பார்த்தேன். ஒரே பெஞ்சுதான், எல்லோரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்தார்கள். கூட்டுகிற அம்மா எனக்கு எலுமிச்சை ஊறுகாய் வைத்தார். "கோயில் எது" என்று யாரும் கேட்கவில்லை.

---

நாகலூர்க்காரர் | ஞாயிறு, காலை 6.05

நல்லது அம்மணி. கொள்முதலுக்கு மேலே வருகிற நாட்களில் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், வெயில் காலத்திலும் சாயங்காலம் குளிரும். இருபது கொண்டை ஊசி வளைவு, பழக்கமில்லை என்றால் காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். பஸ்ஸில் முன் சீட்டு கிடைத்தால் நல்லது.

நாகலூர்ப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். என்னிடம் பழைய எடைக்கணக்கு நோட்டுகள் இருக்கின்றன, கழிவு எப்படிப் போடவேண்டும் என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறேன்.